ஸ்நாட்ச்சும் வேண்டும், பலமும் வேண்டும்: வாரத்தை எப்படிப் பிரிப்பது?

கெட்டில்பெல் ஸ்நாட்ச் பிடித்துப்போய் விடாமல் செய்பவர்கள் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள்: மூச்சு நன்றாக வந்துவிட்டது, லிஃப்ட் பழுதான நாளில் பத்து மாடி ஏறினாலும் இளைப்பதில்லை, ஆனால் தரையிலிருந்து கனமான கம்பியை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்டும் தலைக்கு மேல் எடையைத் தள்ளும் பிரஸ்ஸும் மாதக்கணக்கில் அதே எடையில் நிற்கின்றன, சிலருக்கு இறங்கவும் செய்கின்றன. சரி, பலத்துக்கும் கொஞ்சம் செய்வோம் என்று ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து முறை தூக்கும் ஐந்துக்கு ஐந்து மாதிரி ஒரு கனமான அட்டவணையை அதன் மேல் ஏற்றினால் சில வாரங்களில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், உள்ளங்கை கிழியும். அதனால் பலப் பயிற்சியைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு ஸ்நாட்ச்சோடு சேர்ப்பது என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதுவரை யாருக்கும் சண்டை இல்லை. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அதில் நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன், என் ஓட்டு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்நாட்ச் தெரியாதவர்களுக்கு: கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அந்தக் குண்டைக் கால்களுக்கு நடுவே பின்னால் வீசி, இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்துகிற வேகத்திலேயே ஒரு கையால் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கையை நேராக நிறுத்த வேண்டும், நடுவில் தோளில் இறக்கி வைக்கிற வேலை கிடையாது. ரஷ்யாவில் இது போட்டி விளையாட்டு. வழக்கமான போட்டியில் பத்து நிமிடம், ஒரே ஒரு முறைதான் கை மாற்றலாம், குண்டைக் கீழே வைத்தால் ஆட்டம் முடிந்தது. மின்ஸ்க்கில் பிறந்த பயிற்றுநர் பாவெல் சட்சூலின் இதை அமெரிக்காவில் பிரபலமாக்கினார், அங்கிருந்துதான் நம் சிங்கப்பூர் ஜிம்களுக்கும் வந்தது. அவர் வழிவந்த பயிற்றுநர் தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 24 கிலோ குண்டில் 5 நிமிடத்தில் 100 ஸ்நாட்ச் என்று ஓர் அளவுகோல் உண்டு, பலரும் அதைத்தான் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். குறைந்த அளவுப் பலப் பயிற்சியைப் பரப்பியவர்களிலும் அவர் முக்கியமானவர்: ஒரு டெட்லிஃப்ட், ஒரு பிரஸ், இரண்டே செட் (இடையில் நிற்காமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு ஐந்து ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), இன்னும் ஓரிரண்டு முடியும் என்ற நிலையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவது.

இவ்வளவு குறைவாகச் செய்தால் போதுமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இருப்பதைக் காப்பாற்றப் போதும். 2011-இல் வந்த ஓர் ஆய்வில், 16 வாரம் வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கியவர்களை அடுத்த 32 வாரத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கோ ஒன்பதில் ஒரு பங்கோ மட்டும் செய்ய வைத்துப் பார்த்தார்கள். 20 முதல் 35 வயது வரையிலானவர்கள் ஒன்பதில் ஒரு பங்கிலேயே சேர்த்த பலத்தைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 60 தாண்டியவர்களுக்கும் பலம் ஓரளவு நின்றது, தசையின் அளவுதான் நிற்கவில்லை. ஆக வயதானவர்கள் இந்தக் கட்டுரையில் வரும் செட் கணக்கைக் கொஞ்சம் கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பயம், ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி பலத்தைத் தின்றுவிடும் என்பது. இந்தப் பேச்சின் மூலம் 1980-இல் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வு. பத்து வாரத்தில், இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவுக்குப் பலம் முதலில் ஏறி, அப்புறம் நின்று, கடைசி வாரங்களில் இறங்கியது. ஆனால் அந்தக் குழு வாரத்தில் ஐந்து நாள் பலப் பயிற்சியும் ஆறு நாள் கடுமையான சைக்கிள், ஓட்டமும் செய்தது! வேலைக்குப் போய், பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டிவந்து, மிச்ச நேரத்தில் குண்டைத் தூக்குகிற நமக்கு அந்த அளவெல்லாம் கனவிலும் வராது. இதைக் காட்டி ஒருவர் ஸ்நாட்ச்சைக் கைவிடச் சொன்னால் கேட்காதீர்கள்.

உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. டெட்லிஃப்டுக்கும் ஸ்நாட்ச்சுக்கும் ஒரே இடுப்பு, ஒரே கீழ்முதுகு, ஒரே பிடி. ஒரே உண்டியலில் இரண்டு பேர் கைவிட்டு எடுக்கிற மாதிரி, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது மாதக் கடைசியில்தான் தெரியவரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 கிலோவில் 100 ஸ்நாட்ச் என்றால் 2400 கிலோ. 120 கிலோ டெட்லிஃப்ட் இரண்டு செட் ஐந்து என்றால் 1200. ஒவ்வொரு ரெப்பும் லேசு என்பதால் ஸ்நாட்ச் ஏமாற்றும், ஆனால் தலைக்கு மேலிருந்து விழும் குண்டை நூறு முறை பிடித்து நிறுத்துவது விரல்களும் முதுகும்தான்.

அதோடு சிங்கப்பூருக்கென்றே ஒரு சேர்க்கை உண்டு, வேர்வை. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம், குளிர்பதனம் இல்லாத கூடத்தில் செய்தால் நாற்பதாவது ரெப்புக்குள் கைப்பிடி வழுக்க ஆரம்பிக்கும். கை மேலே நிற்கும்போது வேர்வை முழங்கைக்கு ஓடும், குண்டு கீழே வரும்போது அதே வேர்வை மணிக்கட்டு வழியாகத் திரும்பி வந்து கைப்பிடியை நனைக்கும். வழுக்குகிறது என்று இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் மோதிர விரலுக்கு அடியில் காய்த்திருக்கும் தோல் மடிந்து, அடுத்த வீச்சில் அப்படியே பிய்ந்து வரும். தோல் பிய்ந்த கையோடு ஒரு வாரத்துக்கு டெட்லிஃப்டும் கிடையாது, கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்லப்பும் கிடையாது. துண்டுத் துணியில் தைத்த மணிக்கட்டுப் பட்டை, எடை தூக்குபவர்கள் கையில் பூசும் சாக் தூள் கொஞ்சம், குளித்து முடித்ததும் ஊறிய காய்ப்பை பாதம் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்துவது, இந்த மூன்றும் எந்த அட்டவணையையும் விட அதிகமாகக் காப்பாற்றும். கையுறை வேண்டாம், கைப்பிடி தடித்துப் பிடி இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

எனவே எந்த வழி நல்லது என்று பார்க்கும்போது நான் கேட்பது இரண்டே கேள்விதான்: கைக்கும் கீழ்முதுகுக்கும் எப்போது ஓய்வு கிடைக்கிறது, வீட்டு நிலவரத்துக்கு ஒத்துவருகிறதா.

முதல் வழி, இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது. வாரம் மூன்று நாள், முதலில் பலம், அப்புறம் பத்து நிமிடம் ஸ்நாட்ச், மிச்ச நாள் முழு ஓய்வு. வரிசையை மாற்றவே கூடாது, ஸ்நாட்ச் முடித்துவிட்டுப் பிடி தளர்ந்த கையோடு கனமான டெட்லிஃப்டுக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. நேரம் இல்லாதவர்களுக்கு இது வசதி, ஒரு முறை உடை மாற்றினால் போதும், ஒரு குளியலோடு முடிந்தது, ஜிம் இருக்கும் எம்ஆர்டி நிலையத்தில் வாரம் மூன்று முறை இறங்கினால் போதும். குறையும் அதிலேயே இருக்கிறது. டெட்லிஃப்டுக்குப் பிறகு வரும் ஸ்நாட்ச் ஒருநாளும் வேகமாக இருக்காது, இடுப்பு ஏற்கெனவே பாதி வேலையைக் கொடுத்துவிட்டது. வேகம் போன ஸ்நாட்ச்சைத் தோள் இழுத்து முடிக்கும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது. பிரஸ்ஸும் ஸ்குவாட்டும் மட்டும் செய்கிற நாளில் பின்னால் ஸ்நாட்ச் வைத்தால் பெரிய இடைஞ்சல் இல்லை. டெட்லிஃப்ட் செய்கிற நாளில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஸ்நாட்ச்சுக்குத் தனி நாள், பலத்துக்குத் தனி நாள். இரண்டு நாள் ஸ்நாட்ச், இரண்டு நாள் பலம். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வெறுமனே நாளைப் பிரித்தால் கைக்கு ஓய்வு கிடைத்துவிடாது, திங்கள் ஸ்நாட்ச், செவ்வாய் டெட்லிஃப்ட், புதன் ஓய்வு, வியாழன் ஸ்நாட்ச் என்று போட்டால் முதுகுக்கு அது மூன்று நாள் வேலைதான், காகிதத்தில்தான் பிரிந்திருக்கிறது. பலம் நாளில் முக்கியமாக வைக்க வேண்டியது ஸ்நாட்ச் தொடாத வேலையை. அதாவது தலைக்கு மேல் கனமாகத் தள்ளும் பிரஸ், முழங்காலை ஆழமாக மடக்கும் ஸ்குவாட், செங்குத்தாக இழுக்கும் புல்லப். புல்லப்புக்குப் பிடி வேண்டும் என்பது உண்மை, ஆனால் இரண்டு செட் ஐந்தில் பிடி சாகாது. டெட்லிஃப்டை வாரத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் பின்னால் இரண்டு நாள் ஓய்வு வருகிற இடத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் சனி ஞாயிறு முதுகுக்கு விடுமுறை, திங்கட்கிழமை ஸ்நாட்ச் வெடிப்பாக வரும். வாரம் ஒரு முறை ஐந்து ரெப் டெட்லிஃப்டில் பலம் ஏறுமா என்று கேட்டால், வேகமாக ஏறாது. இறங்காது, மெல்ல ஏறும். ஸ்நாட்ச்சே இடுப்புக்கு நிறைய வேலை கொடுத்துக்கொண்டிருக்கும்போது இதற்கு மேல் ஆசைப்படுவது பேராசை.

மூன்றாவது வழி, பலத்தைத் தினமும் துளித்துளியாகச் செய்வது. அமெரிக்கப் பயிற்றுநர் டான் ஜானும் பாவெலும் சொல்லிவரும் முறை இது: வாரம் ஐந்து நாள், அதே நாலைந்து அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் மொத்தம் பத்து ரெப், எடை கையாளக்கூடியதாக, எந்த நாளும் திணறாமல். அதன் மேல் வாரம் இரண்டு நாள் ஸ்நாட்ச். வீட்டில் குண்டும் கீழே உடற்பயிற்சி மூலையில் புல்லப் கம்பியும் இருப்பவர்களுக்கு இது பிரமாதமாக ஒத்துவரும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், நுணுக்கமும் தினமும் தொட்டுக்கொண்டிருப்பதால் மெருகேறும். ஜிம்முக்குப் போனால்தான் எடை என்கிற நிலையில் இருப்பவருக்கு இது நடக்காத காரியம், ஐந்து நாளும் யார் போவது? இன்னொரு ஆபத்து நம் சுபாவத்தில் இருக்கிறது. தினமும் செய்கிறோம், லேசாகத்தானே இருக்கிறது என்று ஒரு செட் கூட்டுவோம், அடுத்த வாரம் எடை கூட்டுவோம், குறைந்த அளவுப் பயிற்சி என்று ஆரம்பித்தது ஒரு மாதத்தில் சாதாரண அட்டவணையாகிவிடும். கை கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் விரத நாள்களில் இந்த மூன்றாவது வழிக்கு மாறிக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். சாப்பாடு குறைந்து, சைவம் மட்டும் என்று இருக்கும்போது நீளமான ஸ்நாட்ச் செட் தாங்காது. அன்றாடம் பத்து ரெப் பிரஸ்ஸும் ஸ்குவாட்டும் பலத்தைப் பிடித்து வைக்கும், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை தோளில் சுமக்கிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

நான்காவது, ஆறு வாரம் பலம், ஆறு வாரம் ஸ்நாட்ச் என்று மாற்றி மாற்றிச் செய்வது. குறிப்பிட்ட தேதியில் ஸ்நாட்ச் தேர்வோ பளுதூக்கும் போட்டியோ இருப்பவருக்குச் சரி. மற்றவர்களுக்கு, ஆறு வாரம் தொடாமல் விட்ட ஸ்நாட்ச்சுக்குத் திரும்பும்போது கையில் காய்ப்பு போயிருக்கும், தோல் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

வாரத்தைப் பிரித்தாயிற்று, ஆனால் ஸ்நாட்ச் நாளில் அதை எப்படிச் செய்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம், இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. ஒரே மூச்சில் நூறு அடிப்பது ஒரு வகை. 15 விநாடி செய்து 15 விநாடி நிற்பது இன்னொரு வகை. நிமிடத்துக்கு ஐந்து மட்டும் போட்டு மிச்ச நேரம் முழுக்க மூச்சு வாங்குவது மூன்றாவது. ஐந்து ஸ்நாட்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடிதான் ஆகும், மீதி நேரத்தில் கை உதறி, துடைத்து, பிடியை இழந்துவிடாமல் அடுத்த நிமிடத்துக்குப் போகலாம், தசையில் எரிச்சல் ஏறாது, ஒவ்வொரு ரெப்பும் வேகமாக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு கை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம் போட்டால் அதே நூறு வந்துவிடும், ஆனால் மறுநாள் முதுகு அதை நூறாக உணராது. பலத்தோடு சேர்த்துச் செய்கிறவருக்கு வருடத்தில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகைதான் பொருந்தும். பத்து நிமிடத்தில் தொடங்கி, வேகம் குறைகிற நிமிடத்தில் நிறுத்தி, வாரா வாரம் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம்.

பதினைந்துக்குப் பதினைந்தும் சும்மா இல்லை. அமெரிக்கக் கல்லூரி அணியில் கால்பந்து ஆடும் பெண்களை வாரம் மூன்று நாள், 20 நிமிடம், நான்கு வாரத்துக்கு இப்படி ஸ்நாட்ச் செய்ய வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடியிருந்தது. சிறிய குழு, இளவயது விளையாட்டு வீராங்கனைகள், ஆகவே நமக்கும் அதே எண் வரும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் மூச்சுக்கு வேலை செய்கிறது என்பது தெளிவு. கைக்கு ஆகும் செலவும் மூன்று வகையிலும் ஏறக்குறைய இதற்குத்தான் அதிகம், துடைக்கக்கூட நேரம் கிடைக்காது.

இங்கேதான் தேசிய சேவை முடித்து ஆண்டுதோறும் உடலுறுதித் தேர்வுக்குப் போகிற தம்பிகள் கேட்பது வருகிறது: ஸ்நாட்ச் செய்தால் ஓடாமல் தப்பிக்கலாமா? முடியாது. 100 புள்ளியில் 50 புள்ளி 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, தண்டாலுக்கும் சிட்-அப்புக்கும் தலா 25. ஸ்நாட்ச் நுரையீரலையும் இதயத்தையும் தயார் செய்யும், கெண்டைக்காலையும் கணுக்காலையும் தயார் செய்யாது, ஓடுகிற வேகத்தை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்யாது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வாரம் இரண்டு ஸ்நாட்ச் நாளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓட்டத்தை வைத்து, பலம் நாளில் பிரஸ்ஸுக்குப் பதில் தண்டால் போட்டால் போதும். 61 புள்ளியில் 200 வெள்ளி, 75-இல் 300, 85-இல் 500 என்று ஊக்கத்தொகை கொடுக்கும்போது ஓடாமல் விட யாருக்கு மனம் வரும்?

வீட்டு நிலவரம். வீவக அடுக்குமாடி வீட்டில் ஸ்நாட்ச் செய்யலாமா என்றால் செய்யலாம், டெட்லிஃப்ட் செய்வதுதான் கஷ்டம். பார்பெல்லை எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் கீழ்வீட்டுக்குக் கேட்கும், இரண்டாவது வாரமே லிஃப்டில் பார்த்து "மேல என்ன தம்பி, தெனமும் எதைப் போடுறீங்க?" என்று கேட்பார்கள். ஸ்நாட்ச்சில் குண்டு தரையைத் தொடுவது செட் முடியும்போது மட்டும்தான், கீழே தடித்த ரப்பர் பாய் இருந்தால் சத்தமே வராது. ஆனால் மேலே பாருங்கள். கூடத்தின் நடுவில் நின்றால் தலைக்கு மேல் மின்விசிறி இருக்கும், அதற்குக் கீழே நின்று ஒரு கையை முழுசாக நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டைத் தொட வேண்டும். வழுக்கி முன்னால் பறந்தால் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள், தொலைக்காட்சியைப் பார்த்து நின்று ஸ்நாட்ச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால்தான் டெட்லிஃப்டை வாரம் ஒரு நாளாகக் குறைப்பது இங்கே இரட்டிப்பு லாபம்: அந்த ஒரு நாளுக்கு மட்டும் அக்கம்பக்கத்து ஜிம்மில் இடம் பதிவு செய்துகொள்ளலாம், மிச்சமெல்லாம் வீட்டிலும் கீழ்த்தள உடற்பயிற்சி மூலையிலும் முடிந்துவிடும். என் கணக்குப்படி வாரம் இப்படிப் போகும். திங்கள் ஸ்நாட்ச், நிமிடத்துக்கு ஐந்து. செவ்வாய் பிரஸ், புல்லப், குண்டை மார்போடு பிடித்து ஸ்குவாட், எல்லாம் இரண்டு செட் ஐந்து. புதன் ஒன்றும் வேண்டாம். வியாழன் மறுபடி ஸ்நாட்ச், திங்களை விடக் குறைவான நிமிடங்கள், முடிந்தால் கொஞ்சம் கனமான குண்டு. வெள்ளி ஜிம், பிரஸ், புல்லப், கடைசியில் டெட்லிஃப்ட் ஒரே ஒரு கனமான செட். சனி ஞாயிறு நடை, ஓட்டம், இல்லை தூக்கம்.

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ நாள் முழுக்கத் தூக்கி இறக்கி வேலை செய்கிற அண்ணன்மார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுடைய பிடியும் முதுகும் வேலையிலேயே செலவாகிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பத்து நிமிட ஸ்நாட்ச், இடையில் ஒரு நாள் பிரஸ், புல்லப், அவ்வளவு போதும்.

குண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 16-இலிருந்து நேராக 24-க்குத் தாவினால் எடை ஒரே அடியில் ஒன்றரை மடங்காகிறது, பலம் நாளில் பிரஸ்ஸுக்கும் அந்த இடைவெளி பெரிது. நடுவில் ஒரு 20 இருந்தால் வியாழன் ஸ்நாட்ச்சுக்கும் செவ்வாய் பிரஸ்ஸுக்கும் அதுவே உதவும். பெண்கள் 8, 12, 16 என்று போகலாம். போட்டிக் குண்டுகள் எல்லா எடையிலும் ஒரே அளவு, கைப்பிடி மாறாது என்பதால் கை ஒரு தடவை பழகினால் போதும், ஆனால் பூச்சில்லாத இரும்புக் கைப்பிடி நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும், செய்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும். வார்ப்பிரும்புக் குண்டு மலிவு, பூச்சு சொரசொரப்பாக இருந்தால் சாக் தூள் நன்றாகப் பிடிக்கும், காய்ப்பையும் கூடவே அறுக்கும். பழைய சாமான் விற்கும் செயலிகளில் இரண்டும் கிடைக்கும். வாங்கும் முன் கைப்பிடியின் உள்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், வார்ப்புத் தையல் தட்டுப்பட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.